மிட்டாய்ல மட்டும் கை வைக்காதீங்க!

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

''அண்ணே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கோரல் டிராவா... போட்டோஷாப்பா?''

கோவில்பட்டியிலிருந்து என் சித்தி மகள் செண்பகம். ஹலோ இல்லை, நல்லாருக்கீங்களா இல்லை. நேராகக் கேள்வி.

வாயில் நுரையோடு, ''எதுக்கும்மா?'' என்றேன்.

''எதுக்குன்னு பொறவு சொல்லுதேன். மொதல்ல பதிலச் சொல்லுங்க. இவிய பக்கத்துலதான் நிக்காவ.''

பின்னால் அவள் கணவர் முருகேசனின் குரல் கேட்டது. ''மச்சான் போட்டோஷாப்னுதான் சொல்லுவாரு... போனக் குடு இங்கன!''

எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் — இந்தப் பத்தியை டைப் அடிப்பது. போன வருஷம் என் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்து நான் பட்ட பாட்டை இதே பக்கத்தில் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? ஏமாந்த கதைதான் அது. ஆனால், அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் நான் கம்ப்யூட்டர் நிபுணர்! பிரின்டர் பேப்பரைக் கடித்தாலும் எனக்குத்தான் போன், மகனை எந்தக் கோர்ஸில் சேர்ப்பது என்றாலும் எனக்குத்தான் போன்.

''நாளைக்கு நேர்ல வாரேன். அதுவரைக்கும் சண்டை போடாம இருங்க'' என்று சொல்லி போனை வைத்தேன். வாய் கொப்பளிக்க வேண்டாமா?

விஷயம் இதுதான். செண்பகமும் முருகேசனும் கடலை மிட்டாய் போடுகிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கடலை வறுக்க, தோல் நீக்க, பாகு காய்ச்ச, வெட்டி அடுக்க — இவர்கள் இரண்டு பேரோடு தெருவில் உள்ள பெண்கள் சிலர். சரக்கு நல்ல சரக்கு. ஆனால், கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலை மிட்டாய் விற்பது, தூத்துக்குடியில் போய் உப்பு விற்கிற மாதிரி. யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இவர்கள் மிட்டாய்க்கு இதுவரை பெயர்கூடக் கிடையாது. டின்னில் போகும், பெட்டிக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் இறங்கும், யாரோ வாங்கித் தின்பார்கள். அவ்வளவுதான். வாரத்தில் பாதி நாள்தான் அடுப்பு எரியும். மீதி நாள் அந்தப் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு — தொழிற்சாலையைக் கோவில்பட்டியில் அப்படித்தான் சொல்வார்கள் — போய்விடுவார்கள். இப்படியே போனால் ஒருநாள் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்பது செண்பகத்தின் பயம். பாகு பதம் தெரிந்த கைகள் போய்விட்டால் திரும்ப எங்கே தேடுவது?

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜர். கோவில்பட்டிக்குக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இந்த மிட்டாயைத் தின்றிருக்கிறார். விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

''டேஸ்ட் நல்லாருக்கு. ஆனா லூஸா வாங்க மாட்டோம். கவர் டிசைன் ஒண்ணு, கடையில மாட்ட போஸ்டர் ஒண்ணு — ரெண்டும் ரெடி பண்ணி புதன்கிழமை மெட்ராஸ் வாங்க. பார்த்துட்டு சொல்றேன்.''

அவர் போய்விட்டார். இங்கே சண்டை ஆரம்பித்துவிட்டது. செண்பகம் ஒரு டி.டி.பி. சென்டரில் போய் டிசைன் போடச் சொன்னாள் — அங்கே கோரல் டிரா, எழுத்தும் படமும் வரைகிற சாப்ட்வேர். முருகேசன் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் போய்ச் சொன்னார் — அங்கே போட்டோஷாப், போட்டோவைத் திருத்துகிற சாப்ட்வேர். இரண்டு பேருமே மற்றவரைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய் இறங்கியபோது வீட்டில் கடலை வறுக்கிற வாசனை இருந்தது, பேச்சு இல்லை.

''ரெண்டு நாளா எல்லாம் நம்ம மக வழியாத்தான் மச்சான். 'அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு'ங்கா. நான் முன்னாலதான் உக்காந்திருக்கேன்!'' என்றார் முருகேசன்.

முதலில் டி.டி.பி. சென்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம், மாடிப்படி ஏறினால் ஒரே ஒரு அறை. நடத்துகிறவர் பிரேமா, செண்பகத்தோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, தீப்பெட்டி லேபிள் — ஊரில் பாதிப் பேர் வீட்டு விசேஷம் அவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

''இங்கன பாருங்கண்ணே'' என்று மானிட்டரைக் காட்டினார். கடலை மிட்டாய் என்ற எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் 'லை'யின் சுழி மட்டும் திரை முழுக்க நின்றது. ஓரம் கத்தியால் நறுக்கினது போல இருந்தது. ''இது எல்லாம் கோடு. தீப்பெட்டி மேல ஒட்டுனாலும் சரி, பஸ் ஸ்டாண்ட் செவுரு முழுக்க அடிச்சாலும் சரி... பிசிறடிக்காது.''

''எழுத்து தூரத்துலேருந்து தெரியணும்லா? பேரு தெரிஞ்சாத்தான வாங்குவாவ?'' என்றாள் செண்பகம். மகள் பெயரையே மிட்டாய்க்கும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது செண்பகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எழுத்து அழகுதான். ஆனால், எழுத்துக்குக் கீழே ஒரு கடலை இருந்தது. அதற்குக் கண் இருந்தது, சிரிப்பு இருந்தது, தலையில் கிரீடம் இருந்தது. பக்கத்தில் பிரேமா வரைந்த மிட்டாய்.

முருகேசன் என் காதோரம் குனிந்தார். ஆனால், குரலைக் குறைக்கவில்லை. ''செங்கல்லு மேல முட்டைய ஒட்டி வச்ச மாதிரி இல்ல, மச்சான்?''

''அண்ணாச்சி... நான் மிட்டாய வரையத்தான் முடியும். பாகு காய்ச்சி ஊத்தவா முடியும்?'' என்றார் பிரேமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மவுஸை மேஜையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அடுத்து ஸ்டூடியோ. நடத்துகிறவர் தங்கராஜ். கல்யாண வீட்டு போட்டோகிராபர். மதுரையில் போய் போட்டோஷாப் படித்துவிட்டு, கையோடு டிஜிட்டல் கேமராவும் வாங்கி வந்திருக்கிறார். ஃபிலிம் கழுவுகிற வேலை இல்லை, எடுத்த உடனே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம்.

''மிட்டாய் போட்டோதான? அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி'' என்றார்.

ஐந்து நிமிஷமா? எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்தார். தட்டில் டியூப் லைட் தெரிந்தது. கறுப்புத் துணியில் வைத்து எடுத்தார். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டிக்கிடக்கிற ஜல்லி போல இருந்தது. வாழை இலையில் வைத்தார். அமாவாசைப் படையல்!

இதற்குள் இரண்டு பக்கமும் எரிந்த கல்யாண லைட்டின் சூட்டில் மிட்டாய் பளபளவென்று வியர்க்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் பெண்ணுக்கு வியர்த்தால் கர்ச்சீப் கொடுக்கலாம். மிட்டாய்க்கு வியர்த்தால்? ஃபேனைப் போட்டார்கள். எங்கிருந்தோ ஓர் ஈ வந்தது. அதை விரட்ட முருகேசன் வேட்டி நுனியால் வீச, அதுவும் ஒரு படத்தில் விழுந்தது.

செண்பகத்துக்குப் பொறுமை போய்விட்டது. ''இளகிப் போச்சு. இதப் படம் எடுத்தா வெளங்குமா?'' என்று டப்பாவைத் திறந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் — வீட்டில் பதம் பார்ப்பாளே, அந்த மாதிரி.

''அக்கா, அப்படியே! அசையாதீங்க!'' என்று கத்தினார் தங்கராஜ். கிளிக்.

மானிட்டரில் அந்தப் படம் வந்தபோது எல்லோரும் முன்னால் நகர்ந்து பார்த்தோம். தட்டிலும் துணியிலும் ஜல்லியாகக் கிடந்த மிட்டாய், கையில் பிடித்ததும் மிட்டாயாகிவிட்டது! இவ்வளவு பெரிசு, இவ்வளவு கனம், கடித்தால் இப்படித்தான் உடையும் என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிந்தது. மேலே தூவின தேங்காய்ப்பூகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. செண்பகத்தின் புறங்கையில், கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு. கல்யாணமாகி மிட்டாய்த் தொழில் ஆரம்பித்த புதிதில் கொதிக்கிற பாகு கொட்டியது. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து தெரிந்து, கண்ணில் படாமலே போய்விட்ட தழும்பு. திரையில் அது முழங்கை நீளத்துக்கு இருந்தது.

முருகேசன் தொண்டையைச் செருமினார். ''தம்பி... அத மட்டும் எடுத்துற முடியுமா?'' அதுவரை ஸ்டூடியோவையே அதிர வைத்த மனிதர், இதை மட்டும் ரகசியம் போலக் கேட்டார்.

''அதுக்குத்தான அண்ணாச்சி போட்டோஷாப்பே!''

எனக்குள் ஒரு பிரசங்கம் தயாராகிவிட்டது. உழைத்த கையல்லவா அது? அந்தத் தழும்பு அவமானமா என்ன? அதை அழிப்பது உழைப்பையே அழிப்பதல்லவா? அடடா... இந்த வாரப் பத்திக்கு மேட்டர் கிடைத்துவிட்டதே! நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் செண்பகம் சொன்னாள்: ''எடுத்துருங்க தம்பி. மிட்டாய் வாங்க வாரவுகளுக்கு எந் தழும்பு எதுக்கு? அது எங்க வீட்டு சமாச்சாரம்.''

வாயை மூடிக்கொண்டேன்.

தங்கராஜ் வேலையை ஆரம்பித்தார். பக்கத்தில் நல்ல தோலைத் தொட்டு, தழும்பின் மேல் வைத்து, தொட்டு, வைத்து... தழும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பார்க்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. முருகேசன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை முடிந்தது. தங்கராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மவுஸ் மெல்ல மிட்டாய்ப் பக்கம் நகர்ந்தது. பாகு பொன் நிறமாக மாறியது. ஒரு கடலை இரண்டானது, இரண்டு நாலானது. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று பருத்தது.

''ஏ தம்பி... ஏ தம்பி! அங்கன என்ன செய்யுதீங்க?''

''கடலை கொஞ்சம் கொறச்சலா தெரியுதுக்கா. அதான் இங்கேருந்து நாலு எடுத்து...''

''கொறச்சலா? எங்க மிட்டாய்ல கடலை கொறச்சலா?''

''மிட்டாய்ல இல்லக்கா, படத்துல...''

செண்பகம் எழுந்தேவிட்டாள். ''எங் கைய என்ன வேணாலும் பண்ணிக்கோங்க. மிட்டாய்ல மட்டும் கை வைக்காதீங்க!''

''நல்லாத்தானக்கா இருக்கு?''

''நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நாங்க போடுத மிட்டாய் இல்லயே! எங்களுது பசுவந்தனைப் பக்கம் காட்டுக் கடலை, சின்னதாத்தான் இருக்கும். பாகும் இப்படித் தங்கமா மின்னாது. கவரப் பிரிச்சதும் ஒரு ஆளு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாரா, மாட்டாரா? அப்ப நான் என்ன சொல்ல?''

தங்கராஜ் முருகேசனைப் பார்த்தார். போட்டோஷாப் கட்சித் தலைவர் அவர்தானே? காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை.

முருகேசன் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மானிட்டர் பக்கத்தில் பிடித்தார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். ''அவ சொல்லுததுதான் சரி தம்பி'' என்றார்.

சண்டை ஆரம்பித்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஆனால், செய்ததை ஒவ்வொன்றாக நீக்கி வந்த வழியே திரும்பலாம் என்றால் போட்டோஷாப் கொஞ்ச தூரம்தான் பின்னால் போகும் போலிருக்கிறது. தங்கராஜ் பழைய படத்தையே மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. திறந்தால் — தழும்பு திரும்ப வந்துவிட்டது! மறுபடி தொட்டு, வைத்து... இந்த முறை அவருக்குப் பழைய சுறுசுறுப்பு இல்லை.

''லேசாத் தெரியுதே...'' என்று இழுத்தார் முருகேசன்.

''கவர்ல அடிக்கும்போது தெரியாது. நேரமாச்சு'' என்றாள் செண்பகம்.

அடுத்து எழுத்து. தங்கராஜ் பெயரை டைப் செய்தார். கவர் அளவுக்கு நன்றாகவே இருந்தது. ''போஸ்டருக்குப் பெருசாக்குங்க'' என்றோம். ஆக்கினார். படம் தாங்கியது, எழுத்து தாங்கவில்லை. ஓரமெல்லாம் மாடிப்படி மாடிப்படியாக உடைந்தது. நான்தான் நிபுணர் ஆயிற்றே, ஏன் இப்படி என்று என்னைப் பார்த்தார்கள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

''பாத்தீயளா?'' — இது செண்பகம்.

அப்புறம் முருகேசன்தான் மெதுவாகக் கேட்டார். ''இந்தப் படத்த மட்டும் கொண்டுபோயி பிரேமாக்கிட்டக் குடுத்து, எழுத்த அவிய போட்டா?''

தங்கராஜின் முகம் மாறியது. ''என் போட்டோவுக்கு அவங்க எழுத்து போடணுமா அண்ணாச்சி? அப்ப இது யாரு டிசைன்?''

நியாயமான கோபம்தானே? பாதி நாளை மிட்டாயோடு மல்லாடியது அவர்தான்.

முருகேசன் அவர் தோளில் கை போட்டார். ''ஏன் தம்பி, ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ நீங்க எடுக்கீங்க, பத்திரிகை அவிய அடிக்காவ. இது யாரு கல்யாணம்னா ரெண்டு பேரும் சண்டை போடுதீங்க?''

தங்கராஜ் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபத்தை எப்படித் தொடர்வது? ஃபிளாப்பியில் கொள்ளாது என்று சி.டி. போட்டுக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். ''கலர் மாறாம பாத்துக்கிடணும்'' என்று காரணம் சொன்னார்.

பிரேமாவின் கம்ப்யூட்டர் அந்தப் படத்தை உள்ளே வாங்க முடியாமல் திணறியது. திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. ''டீ குடிச்சிட்டு வாங்க'' என்றார் பிரேமா. முருகேசனும் தங்கராஜும் மானிட்டரை விட்டு நகரவில்லை. நானும் செண்பகமும் கீழே டீக்கடைக்கு இறங்கினோம்.

''அண்ணே, ஸ்டூடியோவுல ஏதோ சொல்ல வந்தீயல்லா? தழும்ப அழிக்கும்போது?''

''ஒண்ணுமில்லம்மா.''

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். ''எனக்கு அந்தத் தழும்பு மறந்தே போச்சுண்ணே. தெனம் சட்டி தூக்குத கையி, அத யாரு பாத்துக்கிட்டு இருக்கா? இவியதான் மறக்கல. அன்னைக்குப் பாகுச் சட்டியில அந்தப் பக்கம் புடிச்சிருந்தது இவிய. வழுக்கிருச்சு. வேணும்னா செஞ்சாவ? ஆனா இத்தன வருசத்துல ஒருநாளும் அதப் பத்தி வாயத் தொறந்ததில்ல. கவர்ல அது இருந்துச்சுன்னா... அடுக்கும்போது, கட்டும்போது, ஒவ்வொரு பாக்கெட்லயும் இவிய அதத்தான பாப்பாவ? எதுக்குண்ணே அந்தக் கஷ்டம்?''

நான் தயார் செய்திருந்த பிரசங்கத்தை நினைத்தேன். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன். படத்தில் எதைத் திருத்தலாம், எதைத் தொடவே கூடாது என்பதில் அவள் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்திருக்கிறாள். அவளுக்கு எதற்கு நிபுணர்?

மேலே போனபோது டிசைன் வந்துவிட்டிருந்தது. கையும் மிட்டாயும் நடுவில். மேலே பெயர், கொட்டை எழுத்தில், பிசிறே இல்லாமல். தங்கராஜும் பிரேமாவும் ஒரே நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்று பச்சையா மஞ்சளா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கிரீடம் வைத்த கடலையை மட்டும் பிரேமா விட்டுக்கொடுக்கவே இல்லை. கவரின் பின்பக்க மூலையில் சின்னதாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே!

புதன்கிழமை செண்பகமும் முருகேசனும் சென்னைக்குப் போனபோது மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? டிசைனை மேஜையில் வைத்தார். மிட்டாயைப் பிரித்துப் படத்தின் மேலேயே வைத்தார். ''அட, படத்துல இருக்குறதே உள்ளேயும் இருக்கே!'' என்றார். எத்தனை கம்பெனிகளிடம் ஏமாந்தாரோ பாவம்!

அப்புறம் கேட்டாராம்: ''விலை எங்க போடுவீங்க? தேதி எங்க போடுவீங்க?''

சண்டைக்கு, போட்டோவுக்கு, கிரீடத்துக்கு எல்லாம் இடம் ஒதுக்கிய நாங்கள் யாருமே விலைக்கு இடம் விடவில்லை! பிரேமாவிடம் மறுபடி ஓடினார்கள். ஆனால், ஆர்டர் கிடைத்துவிட்டது. பெரிய ஆர்டர் என்று சொல்ல முடியாது — இப்போதைக்கு ஒரு கிளைக்கு மட்டும், விற்றால் மற்ற கிளைகளுக்கும். ஆனாலும் கொட்டகையில் இப்போது வாரம் முழுக்க அடுப்பு எரிகிறது. அந்தப் பெண்கள் யாரும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவில்லை.

முதல் லோடோடு முருகேசனே சென்னைக்குப் போனார். போன வாரம் அங்கிருந்து எனக்குப் போன்.

''மச்சான், கடைக்குள்ளதான் நின்னேன். நம்ம பாக்கெட் அலமாரியில இருக்கு. மேல போஸ்டர் தொங்குது. ஒரு அம்மா வந்தாவ. கையில எடுத்தாவ. திருப்பிப் பாத்தாவ. திரும்ப வச்சுட்டாவ!''

''அய்யோ... அப்புறம்?''

''எனக்கு உசிரே இல்ல மச்சான். அப்பதான் அந்தம்மா என்னியப் பாத்து, 'ஏம்ப்பா, சேமியா எங்க இருக்கு?'ன்னு கேட்டாவ. கடை ஆளுன்னு நெனச்சுட்டாவ. எனக்கென்ன தெரியும்? ஆனா தெரியாதுன்னு சொல்ல முடியுமா? ஒவ்வொரு அலமாரியாத் தேடி, கடைசியில கண்டுபுடிச்சு எடுத்துக் குடுத்தேன். திரும்பி வரும்போது நம்ம மிட்டாய் வழியாத்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பாக்கெட் எடுத்துக் கூடையில போட்டுட்டாவ!''

''பெரிய ஆளு மாப்ள நீங்க! அப்புறம் கிளம்பிட்டீங்களா?''

''எங்க கெளம்ப? சாயங்காலம் வரைக்கும் அங்கனதான் நின்னேன். கோதுமை மாவு, ஊறுகாய், கொசுவத்தி... எது எந்த அலமாரின்னு இப்ப எனக்கு மனப்பாடம் மச்சான்!''